பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு கீமோவா?

“எப்படி இருக்கு?” என்று தினமும் போன் செய்வதைவிட, “செவ்வாய் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு” என்று சொல்லிவிடுங்கள். அன்றே சமைத்துச் சூடாகக் கொடுங்கள். நறுக்கி வைத்த பழம் வேண்டாம். சளி, இருமல் இருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள்.

கீமோ நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல்கூட அவசரம்தான்; நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கார் வைத்திருப்பவர்கள், “எந்நேரமும் கூப்பிடுங்க” என்று முன்கூட்டியே நம்பர் கொடுத்து வையுங்கள்.

பிள்ளைக்கு ஏற்றுவதற்காகச் சேமிக்கும் ரத்தத் தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். அதனால் ரத்தம் கொடுப்பவர்கள் ஒரே நாளில் திரளாமல் முறைவைத்துப் போங்கள். அந்த வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், கலெக்டர் ஆபீசுக்கு யாராவது கூடப் போகலாம்.

பிள்ளைக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய் என்றால், சிகிச்சை பெரும்பாலும் 2, 3 வருஷம் நீளும். முதல் மாதத்தோடு நின்றுவிடாதீர்கள். கூடப்பிறந்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள்; அதுவும் தவித்துப் போயிருக்கும்.