கல் முந்துமா, காகிதம் முந்துமா?



மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை ஒரு நாள் மாடிப்படியில் நின்றுகொண்டு, "அக்கா, கல்லையும் காகிதத்தையும் ஒன்றாகப் போட்டால் எது முதலில் விழும்?" என்று கேட்டாள். "கல்தான். அது கனமானது அல்லவா?" என்றேன். போட்டுப் பார்த்தாள், கல்லே முந்தியது. உடனே அதே காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி மீண்டும் போட்டாள். இம்முறை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தரையைத் தொட்டன! "காகிதத்தின் கனம் கூடவில்லையே, அக்கா?" என்றாள். பத்தாம் வகுப்பு மாணவியாகிய நான் விழித்தேன். பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் கூறுகிறேன்.

பூமி எல்லாப் பொருள்களையும் தன் மையத்தை நோக்கி இழுக்கிறது. இதுவே புவியீர்ப்பு விசை. அந்த மையம் இருக்கும் திசையைத்தான் நாம் 'கீழே' என்கிறோம். ஆகவேதான் உருண்டையான பூமியின் மறுபக்கத்தில் வாழ்வோரும் விழுந்துவிடாமல் நிற்கின்றனர்.

கனமான பொருளே விரைவாக விழும் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். பல நூற்றாண்டுகள் அதையே மக்கள் நம்பினர். இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் அதை மறுத்தார். அவர் வழியில் நாமும் சற்றுச் சிந்திப்போம். ஒரே அளவுள்ள இரண்டு செங்கற்களை அருகருகே விட்டால் ஒன்றாக விழும். அவற்றை நூலால் சேர்த்துக் கட்டினால் இரு மடங்கு கனமுள்ள ஒரே பொருளாகிவிடும். அதற்காக இரு மடங்கு வேகமாக விழுமா? விழாது அல்லவா?

கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுப்பது உண்மையே. ஆனால் அதை நகர்த்தவும் அதிக விசை வேண்டுமே! ஒரு பெஞ்சை ஒருத்தி தள்ளுகிறாள். இரண்டு பெஞ்சுகளை இருவர் தள்ளுகின்றனர். வேகம் ஒன்றுதான். அதுபோலவே இதுவும்.

அப்படியானால் விரித்த காகிதம் பிந்துவது ஏன்? காற்று அதைத் தடுப்பதால்தான். சந்திரனில் அத்தகைய காற்று இல்லை. 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் அங்கே நின்று, ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூற்றின் இறகையும் பிடித்து ஒரே சமயத்தில் விட்டார். சந்திரனின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. ஆதலால் இரண்டும் மெதுவாக இறங்கின. ஆனால் ஒன்றாகவே தரையைத் தொட்டன!

இதை அறியச் சந்திரனுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கனமான புத்தகத்தின் மேல், அதைவிடச் சிறிய தாளொன்றை வைத்துக் கீழே விடுங்கள். புத்தகம் காற்றை விலக்கிக்கொண்டு செல்ல, தாளும் அதனுடனேயே இறங்குவதைக் காண்பீர்கள்.

அன்று யோசிக்காமல் விடை சொன்னவள் நான். செய்து பார்த்தவள் என் தங்கை. சிறியவர்கள் கேள்வி கேட்கும்போது, "சும்மா இரு" என்று அடக்காமல், "வா, செய்து பார்ப்போம்" என்று சொல்வோமாக!