22,364 யாருடைய கணக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருநங்கைகளும் திருநம்பிகளும் எத்தனை பேர், எப்படி வாழ்கிறார்கள் என்று பேச்செடுத்தால் சில நம்பிக்கைகளும் கூடவே வந்துவிடுகின்றன. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன் அவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: தமிழ்நாட்டில் திருநர் மொத்தமே 22,364 பேர்தான்.

உண்மை: 2011 கணக்கெடுப்பில், ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்று பதிவானவர்களின் எண்ணிக்கை அது. அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ வாசலில் நின்று பதில் சொல்பவர் பெரும்பாலும் அப்பா, இல்லாவிட்டால் அண்ணன். "ரெண்டு பையன், ஒரு பொண்ணு" என்று அவர் சொன்னால் அதுதான் பதிவு. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை அந்த மூன்றிலும் வராது. தன்னைப் பெண் என்றே பதிந்துகொண்ட திருநங்கையும் அந்த எண்ணில் இல்லை.

நம்பிக்கை: திருநரே தங்களைப் பற்றி நடத்தும் ஆய்வு ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும்.

உண்மை: ஊர்க்காரர்களே ஊரைக் கணக்கெடுப்பது புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களை வீடு வீடாகத் தேடிப் போனவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள்தான். தெரிந்தவர் கேட்டால்தான் மனம் திறக்கும் விஷயங்கள் உண்டு. திருநங்கையான ரேவதி, தன் சமூகத்தாரிடம் கேட்டுத் தொகுத்த 'உணர்வும் உருவமும்' என்ற நூல் அதற்குச் சாட்சி.

நம்பிக்கை: நிறையப் பேர் பதில் சொன்னால் அது எல்லோருக்கும் பொருந்தும்.

உண்மை: அமெரிக்காவில் 2015-இல் திருநர் அமைப்பு ஒன்று நடத்திய ஆய்வில் 27,715 பேர் தாமாக முன்வந்து பதில் சொன்னார்கள். வேலை, மருத்துவம், வன்முறை பற்றி அது ஏராளமாகச் சொன்னது. நாட்டில் திருநர் எத்தனை பேர் என்பதை அப்படிப்பட்ட ஆய்வால் சொல்ல முடியாது. இங்கும் திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத்தில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், குடும்பத்தோடு ஒளிந்து வாழும் திருநம்பிகள் விடுபட்டுப்போவார்கள்.

நம்பிக்கை: "ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

உண்மை: பாலினத்தைத் தானே தீர்மானிப்பது ஒருவரின் உரிமை, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த வகுப்பில் படிப்பு நின்றது, வாடகைக்கு வீடு கிடைக்கிறதா, ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம்பிக்கை: பெயரை எழுதாவிட்டால் ரகசியம் காப்பாற்றப்படும்.

உண்மை: 'இலுப்பூர், 24 வயது, நர்சிங் படித்தவர்' என்று அச்சிட்டாலே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பது அந்தப் பயத்தோடு வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே கேள்வித்தாள் தயாராகும்போதே திருநங்கைகளும் திருநம்பிகளும் உடன் இருக்க வேண்டும். அறிக்கையையும் முதலில் அவர்கள்தான் பார்க்க வேண்டும்.