வயர் தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: பத்து வருடமாகத் திருமணங்களுக்குப் போட்டோ, வீடியோ எடுத்து வருகிறேன். தனியாக ஸ்டூடியோ கிடையாது, வீட்டு மாடியில்தான் எடிட்டிங். முகூர்த்த நாட்களில் இரண்டு பையன்களைச் சம்பளத்துக்கு அழைத்துக்கொள்வேன். போன வருடம் ஒரு டிரோனும் வாங்கினேன். இதுவரை எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடக்கும் கம்பெனி ஆண்டு விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில், 50 லட்ச ரூபாய்க்கு ‘பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ்’ இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ‘அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு, உனக்கெதற்கு தண்டச்செலவு?’ என்கிறார்கள் நண்பர்கள். எடுக்கலாமா, வேண்டாமா?
– வாசகர், கரூர்

பதில்: ஆண்டு விழா வேலையை ஒப்புக்கொள்வதாக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உறுத்தியது ஓட்டல் அல்ல. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன டிரோனும், அந்த இரண்டு பையன்களும்தான். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

பப்ளிக் லயபிலிட்டி, அதாவது பொதுப் பொறுப்புக் காப்பீடு எதற்குக் காசு கொடுக்கும் என்பதை ஒரு மண்டபத்தில் வைத்துப் பார்ப்போம். ரிசப்ஷன் மேடைக்குப் பக்கவாட்டில் உங்கள் லைட் ஸ்டாண்ட் நிற்கிறது. அங்கிருந்து சுவர் பிளக் வரை வயர் போகிறது. மேலே டேப் ஒட்ட நேரமில்லை. மொய்க் கவரோடு வரிசையில் வந்த ஒரு பெரியவர் வயரில் கால் தடுக்கி விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது. விழுந்த வேகத்தில் லைட் சாய்ந்து பின்னால் இருந்த எல்.ஈ.டி. திரையையும் உடைக்கிறது. பெரியவரின் ஆபரேஷன் செலவு, திரைக்காரர் கேட்கும் நஷ்டஈடு, வழக்கு என்று போனால் வக்கீல் செலவு: இந்த மூன்றுக்கும்தான் இந்தப் பாலிசி. சுருங்கச் சொன்னால், உங்கள் கவனக்குறைவால் மூன்றாம் மனிதரின் உடம்புக்கோ பொருளுக்கோ சேதம் வந்து, சட்டப்படி நீங்கள் பொறுப்பாக வேண்டும். அப்போதுதான் பாலிசி பேசும்.

நீங்கள் கம்பெனியாகப் பதிவு செய்யாத தனி ஆள். தீர்ப்பு எதிராக வந்தால், தொழில் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்று கோர்ட் பிரித்துப் பார்க்காது. பத்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பெரியவருக்கு அது பதில் ஆகாது.

இப்போது, இந்தப் பாலிசி எதற்கெல்லாம் வாய் திறக்காது என்று பாருங்கள். கல்யாணப் போட்டோகிராபர் மேல் வரும் புகார்களில் வழக்கமானது எது? மெமரி கார்டு கெட்டுப்போய்த் தாலி கட்டும் காட்சியே இல்லை என்பதும், ஆல்பம் வரவில்லை என்பதும்தான். இதில் யாருக்கும் எலும்பு முறியவில்லை, எதுவும் உடையவில்லை. ஆகவே 50 லட்சம் அல்ல, ஐந்து கோடிக்குப் பாலிசி வைத்திருந்தாலும் ஒரு பைசா வராது. அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் உங்கள் மேல் புகார் கொடுக்கலாம். தொழில்முறைத் தவறுகளுக்கு ‘புரொபஷனல் இன்டெம்னிட்டி’ என்று தனிப் பாலிசி இருக்கிறது. ஆனால் உங்கள் அளவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமரா, அன்றிரவே ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல், அட்வான்ஸ் வாங்கும்போதே கையெழுத்தாகும் ஒரு பக்க ஒப்பந்தம் (படங்கள் தொலைந்தால் திருப்பித் தருவது எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும்), இவை போதும். இதில் பிரீமியமும் கிடையாது.

உங்கள் சொந்த கேமராவும் லென்ஸும் களவு போனாலோ உடைந்தாலோ அதுவும் இதில் வராது. அது உபகரணக் காப்பீடு. பையன்கள் ஏணியிலிருந்து விழுந்தாலும் வராது, ஏனென்றால் அவர்கள் உங்களிடம் வேலை செய்பவர்கள், மூன்றாம் மனிதர் அல்ல. அவர்களுக்கான தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியை ஏஜெண்டிடம் தனியாகக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை சும்மா இருக்காதீர்கள். 18 வயது நிரம்பிய, வங்கிக் கணக்கு உள்ள பையன்கள் என்றால் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு டீ, வடைக்கு ஆகும் காசு.

ஏஜெண்டிடம் போகும்போது ஒரு பெயர்க் குழப்பத்தைக் கவனியுங்கள். 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1991இல் ‘பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் சட்டம்’ என்றே ஒரு சட்டம் வந்தது. அது ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் ஆலை, கிடங்குகளுக்கு. அதே பெயரில் பாலிசியும் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை வாங்கிவிட்டால் உங்களுக்கு அது வெறும் காகிதம். உங்களுக்கு வேண்டியது தொழிற்சாலை அல்லாத தொழில்களுக்கான பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, அல்லது ‘கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி’. முதல் வகையில் ஒரு சிக்கல் உண்டு. பல சமயம் பாலிசியில் எழுதியிருக்கும் முகவரிக்குள் நடப்பதற்கு மட்டுமே அது செல்லும். உங்கள் வீட்டு மாடியில் யார் வயர் தடுக்கி விழப்போகிறார்கள்? வெளியூர் மண்டபம், ஓட்டல் எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்தில் இந்த மாதிரி வேலை ஒன்றோ இரண்டோதான் என்றால், அந்த நிகழ்ச்சி நாட்களுக்கு மட்டும் ஈவென்ட் பாலிசி தருகிறார்களா என்று விசாரியுங்கள். விழாவை நடத்துபவரே எடுத்திருக்கும் பாலிசியில் உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை. எதை வாங்கினாலும் பிரீமியத்தோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 50 லட்சம் என்பது ஒரு விபத்துக்கா, வருடம் முழுவதற்குமா, முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு விழாவுக்கு அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை இன்னொரு முறை படியுங்கள். ‘எந்தக் காரணத்தால் எந்த நஷ்டம் வந்தாலும் போட்டோகிராபரே ஏற்பார்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா? சட்டம் உங்கள் தலையில் வைக்கும் பொறுப்புக்குத்தான் பாலிசி. நீங்களாகக் கையெழுத்துப் போட்டுத் தலையில் ஏற்றிக்கொண்ட கூடுதல் சுமையை இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடாது. ‘என் கவனக்குறைவால் நேர்ந்தவை மட்டும்’ என்று திருத்திக் கேளுங்கள். மறுத்தால் அந்த வேலையையே மறுபடி யோசிப்பேன் நான்.

டிரோனுக்கு வருவோம். இதில் எடுக்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. 2021 டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட எந்த டிரோனுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், வண்டிக்கு இருப்பது போலவே. உங்கள் பொதுப் பொறுப்புப் பாலிசி இதற்கு உதவாது, ஏனென்றால் ஆகாயத்தில் பறப்பதை அது வழக்கமாக விலக்கிவிடும். தனியாக டிரோன் பாலிசி வேண்டும். அது மட்டும் போதாது. டிரோனுக்குப் பதிவு எண் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஓட்டுவதால் உங்களுக்கு ரிமோட் பைலட் சான்றும் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்குக் கிளைம் கேட்டு அலைபவர் நிலைதான், இவை இல்லாதவருக்கும். காப்பு கட்டிய மாப்பிள்ளை தலைக்கு மேல் ஒன்றரைக் கிலோ இயந்திரத்தைப் பறக்கவிடுபவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால் நம் ஊர் வழக்கப்படி ஓடிப்போய், ‘எவ்வளவு ஆனாலும் நான் தந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிடுகிறோம். மனிதாபிமானமாகச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். ஆனால் தொகை பேசாதீர்கள், எதிலும் எழுதிக் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சம்மதமில்லாமல் நீங்கள் பொறுப்பை ஒப்புக்கொண்டால், அதையே காரணமாகக் காட்டிக் கிளைமை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அந்த இடத்தைப் போட்டோ எடுங்கள், கேமரா உங்கள் கையில்தானே இருக்கிறது! அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் கம்பெனியிலேயே எழுத்தில் முறையிட்டுவிட்டு, பிறகு சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். உங்களைப் போன்ற தனிநபர் தொழில் செய்பவர்களின் புகாரையும் அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணமும் இல்லை.

ஆகவே முதலில் டிரோனுக்குப் பாலிசி, பதிவு எண், பைலட் சான்று. இவை கைக்கு வரும்வரை டிரோன் பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்து பையன்களுக்கு. மூன்றாவதாக ஆண்டு விழாவுக்கு. உங்கள் நண்பர்கள் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. மண்டபப் பக்கமே போகாமல், வீட்டில் உட்கார்ந்து எடிட்டிங் மட்டும் செய்து தருபவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.