பனிச்சாலைப் பந்தயமும் பக்கத்து இருக்கைக்காரரும்

கார்ப் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்குச் சோழவரம் நினைவுக்கு வரும். பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் சுற்றிச் சுற்றி வந்த காலம் அது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனத் தனிப் பாதையே அமைந்துவிட்டது. நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அந்த வகைப் பந்தயம் அன்று. ஊர்ச் சாலைகளில், மலைப்பாதைகளில், அதுவும் பனி மூடிய பாதைகளில் நடக்கும் ‘ராலி’ என்னும் போட்டியைப் பற்றியது. ஆம்பூருக்குப் பக்கத்தில் மாதனூரில் பிறந்து, வெயிலையும் தோல் மண்டியையும் தவிர வேறொன்றும் காணாத எனக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் பனி என்பது மார்கழி விடியலில் நெடுஞ்சாலையை மூடி, லாரிகளை விளக்கெரிய வைக்கும் மூடுபனியை. புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான். இமயத்திலும் ஐரோப்பாவிலும் பஞ்சு போல் விழுந்து முழங்கால் அளவு குவிவதற்கும் நம் மொழியில் அதே பெயர்தான் வழங்குகிறது. இக்கட்டுரையில் பனி என்று வருமிடமெல்லாம் விழுந்து குவியும் பனியையே கொள்க. அது உறைந்து கண்ணாடி போல் ஆனதைப் பனிக்கட்டி என்று குறிப்பேன்.

ராலியில் கார்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிட இடைவெளியில் புறப்படுகின்றன. போக்குவரத்து நிறுத்தப்பட்ட சில பகுதிகளில் மட்டுமே விரைவு அளக்கப்படும். அப்பகுதிகளுக்கு இடையே சாதாரணச் சாலையில், எல்லாரையும் போலச் சட்டத்துக்கு உட்பட்டு, குறித்த நேரத்தில் அடுத்த இடத்தை அடைய வேண்டும். உலக ராலிப் போட்டியின் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நேரச் சாவடிக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தால் தண்டம் 10 வினாடி. ஒரு நிமிடம் முந்தி வந்தால் தண்டம் ஒரு முழு நிமிடம்! அவசரக்காரனுக்கு ஆறு மடங்கு தண்டம் விதிக்கும் பந்தயம் இது.

காரில் இருவர் உண்டு. ஒருவர் ஓட்டுபவர். மற்றவர் வழிகாட்டி, மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, வரப்போகும் வளைவு எத்தகையது, எவ்வளவு தொலைவில், மேடா பள்ளமா என்பதை முன்கூட்டியே உரக்கப் படித்துக்கொண்டு வருபவர். 1955-இல் இத்தாலியின் மில்லே மிலியா போட்டியில் ஸ்டர்லிங் மாஸ் வென்றபோது, பக்கத்தில் இருந்த ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர் பாதை முழுவதையும் நீண்ட காகிதச் சுருளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் வைத்து உருட்டி உருட்டிப் படித்தார். எஞ்சின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் கைச்சாடையாலேயே சொன்னார். மாஸ் பெயர் தெரிந்த அளவுக்கு ஜென்கின்சன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பனி ராலிகளில் மூத்தது மாண்டி கார்லோ ராலி. 1911 ஜனவரியில் தொடங்கியது. முதல் வெற்றி ஆன்றி ரூழியே என்பவருக்கு. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து புறப்பட்டு, குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து கடற்கரை நகரை அடைய வேண்டும் என்பதே அதன் பழைய வடிவம். 1965-இல் பெரும் பனிப்புயல் வந்தது. இருநூறுக்கு மேற்பட்ட கார்கள் புறப்பட்டும் மிகச் சிலவே ஊர் வந்து சேர்ந்தன. வென்றவர் பின்லாந்து நாட்டின் டிமோ மாக்கினன். ஓட்டியது மினி கூப்பர் என்ற சின்னஞ்சிறு கார். சுவீடன் ராலியோ 1950-இல் கோடைப் போட்டியாகத் தொடங்கி, 1965 முதல் குளிர்காலத்துக்கு மாறியது.

நம் நாட்டிலும் இது இல்லாமலில்லை. 1980-இல் முதல் இமாலய ராலி நடந்தது. பின்னர் 1999-இல் ‘ரெய்டு டி இமாலயா’ தொடங்கிப் பல ஆண்டுகள் பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில் நடைபெற்றது. இமாசலத்திலிருந்து ஸ்பிதி, லடாக் பக்கம் 4,500 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களை ஏறிக் கடக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே கூடுதல். மனிதனுக்கு மட்டுமன்று, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். இப்போட்டியில் பலமுறை வென்றவர் மணாலியைச் சேர்ந்த சுரேஷ் ராணா. பனியில் பிறந்து வளர்ந்தவர் வென்றதில் வியப்பில்லை.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். இயற்பியல் மாணவர்க்குத் தெரிந்த சூத்திரம்தான்: பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம், வேகத்தின் இருபடியை உராய்வுக் குணகத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் இரண்டாலும் வகுத்தால் கிடைக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகத்தை 0.7 எனக் கொண்டால் வண்டி 20 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் அது 0.2 அளவே, 70 மீட்டர் வேண்டும். ஈரமான பனிக்கட்டியில் 0.1, ஏறக்குறைய 140 மீட்டர்! வளைவிலும் இதே கதைதான். 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவைத் தார்ச்சாலையில் மணிக்கு 66 கிலோமீட்டர் வரை கடக்கலாம். பனியில் 35. ஈரப் பனிக்கட்டியில் 25 மட்டுமே. நம் கல்லூரி வாசலில் சைக்கிளில் வரும் நண்பர்கள் சிலரே அதற்குப் பக்கத்தில் வந்துவிடுவர்.

இச்சூத்திரத்தில் வண்டியின் எடை எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க. ‘லோடு இருந்தால் வண்டி வழுக்காது’ என்று எங்கள் ஊர் லாரிக்காரர்கள் சொல்வார்கள். ஏற்றத்தில் பின்சக்கரம் சுழலாமல் பிடிக்க எடை உதவும், உண்மை. இறக்கத்தில் நிறுத்துவதற்கு அது உதவாது.

சுவீடனில் இந்தக் குறையை வெல்ல ஒல்லியான டயர்களைப் போடுகிறார்கள். அகன்ற டயர் பனியின் மேல் மிதக்கும். ஒல்லியானது அறுத்துக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பற்றும். டயரில் நூற்றுக்கணக்கான கடின உலோக ஆணிகளும் உண்டு. வளைவு வலப்பக்கம் என்றால் முதலில் இடப்பக்கம் ஒடித்து, வண்டியின் எடை ஊசல் போல் ஆடி வரும்போது வலப்பக்கம் திருப்புவார்கள். சாலையோரம் குவிந்த பனிச்சுவரில் பின்பக்கத்தை லேசாகச் சாய்த்துக்கொண்டே போவோரும் உண்டு. சற்று அதிகமாகச் சாய்ந்தால் சுவர் காரை விழுங்கிவிடும்.

இங்கே ஒரு நுட்பம். குளிர் மிகுந்தால் ஆபத்து மிகும் என்று நாம் எண்ணுகிறோம். நேர்மாறானது அது. கடுங்குளிரில் பனிக்கட்டி உலர்ந்து கெட்டியாக இருக்கும். டயர் ஓரளவு பிடிக்கும். வெப்பம் 0 டிகிரியை நெருங்கும்போதுதான் மேலே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி மிக மோசமாக வழுக்குகிறது. எப்போதும் வெள்ளையாய் இருக்கும் சுவீடன் பாதையைவிட, ஒரு வளைவு உலர்ந்தும் அடுத்த வளைவு நிழலில் உறைந்தும் கிடக்கும் மாண்டி கார்லோ பாதை ஏமாற்று நிறைந்தது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்த உண்மையை என் வீட்டில் விலை கொடுத்துக் கற்றார்கள். என் தந்தை லாரி ஓட்டுநர். தாய்மாமா அவருக்குக் கிளீனர். 2008 டிசம்பரில் ஆம்பூரிலிருந்து டில்லிக்கு ஷூ லோடு இறக்கிவிட்டு, அங்கே கிடைத்த வேறு லோடுடன் காஷ்மீர் வரை போனார்கள். பனி விழுந்து பாதை அடைபட்டு, பனிஹாலுக்கு இப்பால் இரண்டு நாள் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் நாள் நல்ல வெயில். முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மாமா இறங்கி முன்னே நடந்து, வளைவு வரை போய்க் காலால் தேய்த்துப் பார்த்துத் திரும்பினார்.

“இப்ப எடுக்காதீங்க மாமா. வெயில் ஏறி ரோடு தண்ணி விட்டுக்கினு இருக்குது. ராத்திரி இறுகினப்பவே போயிருக்கலாம்” என்றாராம்.

“வெயில் வந்தா நல்லதுதானே மச்சான். கட்டையை எடு” என்றார் அப்பா.

மாமா பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டையை எடுத்தார். வண்டி முன்னால் போவதற்குப் பதில் பக்கவாட்டில் வழுக்கியது. கட்டையோடு அவர் இடக்கை சிக்கிக்கொண்டது. பாறையில் சாய்ந்து வண்டி நின்றதால் பள்ளத்தில் போகவில்லை. மாமாவின் இரண்டு விரல்கள் போயின. அதன்பின் அவர் லாரி ஏறவில்லை. இப்போது ஒரு ஷூ கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்குகிறார். அப்பா இதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. நான் அறிந்ததெல்லாம் மாமா சொல்லித்தான்.

சென்ற ஆண்டு இக்கட்டுரைக்காகப் படித்தபோது மாண்டி கார்லோ ராலியில் ஒரு வழக்கம் உண்டு என்று அறிந்தேன். போட்டிக் கார்கள் வருவதற்கு ஓரிரண்டு மணி முன்னதாக, ஒவ்வொரு அணியின் ஆட்களும் அதே பாதையில் மெதுவாகப் போய், எந்த வளைவில் பனிக்கட்டி, எங்கே ஈரம், எங்கே உலர்ந்திருக்கிறது என்று பார்த்து வழிகாட்டியின் ஏட்டில் வண்ணப் பேனாவால் குறித்துத் தருகிறார்கள். உலகப் புகழ்பெற்ற ஓட்டுநர்களும் அக்குறிப்பை நம்பியே பிரேக்கில் கால் வைக்கிறார்கள். இதை மாமாவிடம் சொன்னேன்.

“வெள்ளைக்காரனும் கிளீனரை முன்னால நடக்க விட்டுட்டுத்தான் வண்டி எடுக்கிறானா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கிளீனருக்கும் வழிகாட்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ராலியில் பரிசு மேடையில் இருவரும் ஏறுகிறார்கள். பட்டியலில் இருவர் பெயரும் அச்சாகிறது. 2022-இல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை எஃப்ரன் யரேனா வென்றபோது, வழிகாட்டி சாரா பெர்னாண்டசும் சேர்ந்தே பட்டம் பெற்றார். அவர்கள் காரில் ஓடியது சென்னை எம்.ஆர்.எஃப். டயர், அந்நிறுவனத்துக்கு நம் அரக்கோணத்திலும் ஆலை உண்டு என்பதைப் பெருமையோடு இடைச்செருகலாகச் சொல்லிக்கொள்கிறேன். நம் லாரிக் கதவுகளில் உரிமையாளர் பெயர் உண்டு, குழந்தைகள் பெயர் உண்டு, சாமி பெயர் உண்டு. கிளீனர் பெயரை நான் பார்த்ததில்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகி, எங்கள் ஊரிலிருந்து குடியாத்தம் போகும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறத் தொடங்கிய பொழுது, உறவுக்காரர் வீட்டுத் துக்கத்துக்காக வாடகை வேனில் நாங்கள் அங்கே நின்றோம். ஓட்டியவர் அப்பா. யாரும் சொல்லாமலே மாமா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கழியால் தட்டித் தட்டிப் பத்தடி தூரம் போனார். அங்கேயே திரும்பி, அந்த இடக்கையை உயர்த்தி இல்லை என்று ஆட்டினார். அப்பா உடனே எஞ்சினை அணைத்தார். அந்த வெள்ளத்தில் தரைப்பாலமே பின்னர் அடித்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் பள்ளிகொண்டா வழியாகச் சுற்றிப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது, சடங்கெல்லாம் முடிந்திருந்தது.