நீட்டறை நின்றுவிட்டால் பழுது மோட்டாரில்தானா?

வட அமெரிக்காவில் பெருமளவில் புழங்கும் மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலிடமும் கொண்ட வீட்டு வாகனம், நிறுத்தப்பட்ட இடத்தில் தன் பக்கச் சுவரின் ஒரு பகுதியைப் பெட்டி போல வெளியே தள்ளி உள்ளிடத்தை அகலமாக்கிக்கொள்கிறது. ‘ஸ்லைடு அவுட்’ எனப்படும் இந்த நீட்டறை பாதி வழியில் நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துபோயிற்று என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது.

இம்முடிவு பெரும்பாலும் அவசரமானது. விளக்குகள் எரிவதால் பேட்டரியில் குறையில்லை என்ற வாதமும் பிழையானதே. ஏனெனில் ஓர் எல்.இ.டி. விளக்குக்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் போதும், நீட்டறை மோட்டாரோ அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். முழுதாக மின்னேற்றப்பட்ட ஈய அமில பேட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும் என்றாலும், அந்த எண்ணை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. பொத்தான் அழுத்தப்பட்டு மோட்டார் சுமையேற்கும் நேரத்தில், மோட்டாரின் முனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். அவ்வேளையில் பேட்டரியில் 12 வோல்ட் இருக்க, மோட்டாரை 9 வோல்ட்டே எட்டுமானால், எஞ்சியது களிம்பு பிடித்த இணைப்பிலோ தளர்ந்த எர்த் கம்பியிலோ வெப்பமாக வீணாகிறது என்பது தெளிவு. அவ்விணைப்பைச் சுத்தம் செய்து முடுக்காமல் புதிய மோட்டாரை வாங்கிப் பொருத்துவதால் பயனில்லை. அதற்கும் முன்பாக ஃபியூஸையும் பார்க்கிங் பிரேக்கையும் பார்த்துவிட வேண்டும். பிரேக் இடப்படாதவரை நீட்டறையை இயங்கவிடாத பாதுகாப்பு இணைப்பு பல வாகனங்களில் உண்டு.

விட்டுவிட்டு இயக்கினால் மோட்டாருக்கு ஓய்வு கிடைக்கும் என்ற நம்பிக்கை, பக்கத்துக்கு ஒரு மோட்டாராகச் சுவருக்குள் பொருத்தப்பட்ட அமைப்புகளில் கேடே செய்கிறது. இவற்றில் கட்டுப்பாட்டுக் கருவி, உணரிகளின் வழியே இரு மோட்டார்களின் சுழற்சியையும் எண்ணி அவற்றை ஒத்த வேகத்தில் ஓட்டுகிறது. பாதியில் பலமுறை நிறுத்தினால் சிறுசிறு வேறுபாடுகள் சேர்ந்து அறை கோணலாகும். இரு மோட்டார்களும் கடைசி எல்லையில் தாமாக நிற்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடிப்பதே அவற்றை மீண்டும் ஒருங்கிணைக்கும்.

ஹைட்ராலிக் எண்ணெயால் இயங்கும் வகையில், அறை நீண்டிருக்கும்போது தொட்டியில் எண்ணெய் குறைந்து தெரிவது கசிவுக்குச் சான்றாகாது, அது சிலிண்டர்களுக்குள் சென்றிருக்கலாம். அந்நிலையில் மேலும் ஊற்றினால் அறை உள்ளே வரும்போது தொட்டி வழியும். பற்சக்கரத்திலும் தண்டவாளத்திலும் கிரீஸை அப்புவதும் தவறு, அது மணலைப் பிடித்துவைக்கும். உலர் மசகே ஏற்றது.

நின்றுவிட்ட அறையைக் கையால் உள்ளிழுக்க, மோட்டாருடன் இணைந்த பிரேக்கை விடுவிக்க நேரும் வகைகளும் உண்டு. அதை மீண்டும் பூட்டாமல் வாகனத்தைச் சாலைக்கு எடுக்கவே கூடாது. பூட்டப்படாத அறை ஓட்டத்தின்போது வெளியே சரியக்கூடும்.