மான் ஹலால்தான்; நம் வீட்டுக்கு வரும் மான்கறி?

 

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து, “ஹஸ்ரத், மான் ஹலால்தானே?” என்று கேட்டார். ஹலால்தான் என்றேன். முகத்தில் ஒரு நிம்மதி. “எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். அந்த நிம்மதி போய்விட்டது. ஐப்பசி மழை பிடித்ததும் மலையடிவாரத்தில் ஒருவர் பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்கிறாராம். வீட்டில் பெத்தாவுக்கு மூட்டுவலி, மான்கறி கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று மிம்பரில் சொன்னேன். ஜும்ஆவுக்கு வர முடியாமல் கைப்பேசியில் வாசிக்கும் உங்களுக்கும் அதுவே.

மான் உண்ணத் தகுந்த பிராணி. ஷாஃபி, ஹனஃபி எந்த மத்ஹபிலும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. வேட்டையும் அடிப்படையில் ஆகுமானதுதான். அதீ இப்னு ஹாதிம் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் வேட்டையைப் பற்றி நபியவர்களிடம் நுணுக்கி நுணுக்கிக் கேட்டிருக்கிறார்கள். பழக்கிய நாயை பிஸ்மி சொல்லி அனுப்பினால் சாப்பிடலாம், வேறு நாயும் சேர்ந்துகொண்டால் கூடாது, எறிந்த கோல் கூர்முனையால் குத்தினால் ஆகும், பக்கவாட்டில் அடித்துச் செத்தால் ஆகாது, வேட்டைப் பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் தொடாதே. புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ்கள் இருக்கின்றன. இவ்வளவு நுணுக்கம் ஏன்? பிராணி ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, அது எப்படி உயிர் விட்டது என்பதும் தெரிய வேண்டும்.

இப்போது நம்மூர் மானுக்கு வாருங்கள். ஸூரத்துல் மாயிதாவின் மூன்றாவது வசனத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது, முட்டுப்பட்டுச் செத்தது, வேட்டை மிருகம் கடித்துத் தின்றது, இவையெல்லாம் ஹராம் என்று அல்லாஹ் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். உயிர் இருக்கும்போதே நீங்கள் அறுத்தது மட்டும் விலக்கு. நெல்லைச் சீமையில் ஒரு மான் எப்படியெல்லாம் சாகிறது என்று எழுதி வைத்த பட்டியல் போல இருக்கிறது! காட்டோரம் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைக்கிறார்கள். இரவெல்லாம் அது இழுத்து இழுத்துக் கழுத்து அறுந்து கிடக்கும். இது முதல் வகை. கங்கைகொண்டானில் 2013ல் புள்ளிமான் சரணாலயம் அறிவித்தார்கள், 288 ஹெக்டேர். பக்கத்திலேயே நாலுவழிச் சாலை. லாரியில் அடிபடும் மான் இரண்டாவது வகை. தண்ணீர் தேடி வந்து தோட்டத்துக் கிணற்றில் விழுவது, தெருநாய்கள் விரட்டிக் கடிப்பது எல்லாம் இதே வசனத்துக்குள் வந்துவிடுகின்றன. வாழைக்கும் பிசான நெல்லுக்கும் காவல் என்று திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மாட்டிச் சாவதும் செத்த பிராணிதான். (அந்தக் கம்பியில் மனிதர்களும் சாகிறார்கள். பன்றி வந்து வயலை உழுதுவிட்டுப் போகும்போது விவசாயிக்கு வயிறு எரியும், எனக்குத் தெரியும். வனத்துறையில் மனு கொடுத்து இழப்பீடு கேட்கலாம். கம்பியில் கரண்ட் விடுவது கொலைக்குத் துணிவது.)

துப்பாக்கியால் சுட்டால்? குண்டு கிழித்துக்கொண்டு போவதால் ஆகும் என்ற உலமாக்களும் உண்டு, நசுக்கிக் கொல்வதால் ஆகாது என்ற உலமாக்களும் உண்டு. உயிரோடு கைக்குக் கிடைத்தால் அறுத்தே ஆக வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. நடு இரவில் நாட்டுத்துப்பாக்கியோடு, பிடிபடும் பயத்தில் ஓடுகிறவர் பிஸ்மி சொன்னாரா, உயிர் இருந்ததா, யார் அறுத்தார்? பொட்டலம் வாங்குகிற நமக்கு எப்படித் தெரியும்?

இங்கே ஒரு தம்பி ஹதீஸோடு வருவார். ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவிப்பது: சிலர் இறைச்சி கொண்டு வருகிறார்கள், பிஸ்மி சொன்னார்களா தெரியவில்லை என்று கேட்டபோது, நீங்கள் பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். ஸஹீஹான ஹதீஸ்தான். ஆனால் அது புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் முறையாக அறுத்துக் கொண்டுவந்த இறைச்சி. அவர்கள் மீது நல்லெண்ணம் வைக்கச் சொன்னார்கள். சுருக்குக் கம்பியின் மீது நல்லெண்ணம் வைக்கச் சொல்லவில்லை.

சரி, ஒருவர் பிஸ்மி சொல்லி முறைப்படியே வேட்டையாடி அறுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விஷயம் முடியவில்லை. மாயிதாவின் முதல் வசனம் ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லித் தொடங்குகிறது. அதே வசனத்தில்தான் இஹ்ராமில் இருப்பவர் வேட்டையை ஆகுமாக்கிக்கொள்ளக் கூடாது என்ற சட்டமும் வருகிறது. ஆகுமான வேட்டையும் இடத்தாலும் நிலையாலும் தடுக்கப்படும். மதீனா ஹரம் எல்லைக்குள் வேட்டை கிடையாது. அங்கே மான்கள் மேய்வதைப் பார்த்தால் நான் விரட்டக்கூட மாட்டேன் என்று அபூஹுரைரா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் சொன்னார்கள். கொல்வதை விடுங்கள், வெருட்டுவதே இல்லை!

நம் நாட்டில் 1972ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. கறியை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்து 1988ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதற்குள் வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை நீளும் சிறை. ஹரமும் காப்பகமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பொது நன்மைக்காக ஆட்சி ஓர் ஆகுமான காரியத்தைத் தடுத்தால், அதில் பாவம் செய்யச் சொல்லாத வரை கட்டுப்பட வேண்டும் என்பது ஃபுகஹாக்கள் சொன்னது. இங்கே பொது நன்மை என்ன என்று கேட்டால் ஒளு செய்யும் குழாயைத் திறந்து பாருங்கள். பொதிகை மலைக் காட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் அது. அந்தக் காட்டில் மிளாவும் புள்ளிமானும் புலிக்கும் சிறுத்தைக்கும் அல்லாஹ் வைத்த ரிஸ்க். அதை நாம் எடுத்தால் பசித்த சிறுத்தை ஊருக்குள் ஆட்டுக்கும் கன்றுக்கும் வரும்.

“நான் வேட்டைக்குப் போகவில்லையே, வாங்கத்தானே செய்தேன்” என்பவருக்கு அபூ கதாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சம்பவம் இருக்கிறது. ஹுதைபிய்யா பயணத்தில் தோழர்கள் இஹ்ராமில் இருந்தார்கள், அவர் இல்லை. ஒரு காட்டுக்கழுதையைக் கண்டு, சாட்டையை எடுத்துத் தரச் சொன்னார். தோழர்கள் தரவில்லை. தாமே இறங்கி எடுத்து வேட்டையாடினார். பிறகு நபியவர்களிடம் கேட்டபோது, உங்களில் யாராவது அவரை ஏவினீர்களா, சைகை காட்டினீர்களா என்று விசாரித்து, இல்லை என்ற பிறகே சாப்பிடச் சொன்னார்கள். ஒரு சைகை கூடக் கணக்கில் வருகிறது என்றால், “அடுத்த வாரம் ரெண்டு கிலோ எடுத்து வையுங்க” என்று போனில் சொல்வது எதில் சேரும்?

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரபிக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தபோது மலையடிவார ஊர் ஒன்றில் விருந்துக்குப் போனோம். மான்கறி என்று பெருமையாகப் பரிமாறினார்கள். வேட்டைப் பாடத்தை ஓதி முடித்த மாணவன் நான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ருசித்துச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் அது கம்பியில் கிடந்தது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். கிதாபில் இருந்த மஸ்அலா தட்டுக்கு வரவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மாயிதாவின் 94வது வசனத்தில், உங்கள் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும்படி வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதிப்பேன், மறைவில் யார் அஞ்சுகிறார் என்று பார்ப்பதற்கு என்ற கருத்தில் அல்லாஹ் சொல்கிறான். ஸஹாபாக்களின் கூடாரம் வரை பிராணிகள் வந்தன என்று தஃப்ஸீரில் இருக்கிறது. ஒருவரும் தொடவில்லை. சனிக்கிழமை மீன் வந்த பனூ இஸ்ராயீலோ தோற்றுப்போனார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலையோர ஊர்களில் மான் வயல் வரை இறங்கி வரும். ரேஞ்சர் அங்கே இருக்க மாட்டார்.

தம்பியின் வீட்டு ஃப்ரிட்ஜில் பாதிப் பொட்டலம் மிச்சம் இருந்தது. ஏழைக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். நமக்கு ஹராமானது ஏழைக்கு ஹலால் ஆகாது, புதைத்துவிடுங்கள் என்றேன். தெரியாமல் சாப்பிட்டதற்கு இஸ்திக்ஃபார் போதும். சட்டியை வீசவேண்டாம், நன்றாகத் தேய்த்துக் கழுவினால் சுத்தமாகிவிடும். பெத்தாவின் மூட்டுவலிக்கு டாக்டரிடம் காட்டுங்கள்; வாய்க்கு ருசியாக வேண்டுமென்றால் நம் கறிக்கடையில் அறுத்த ஆட்டின் காலை வாங்கி மிளகு தட்டிப் போட்டு சூப் வையுங்கள்.