வால்வுப் பெருக்கியில் எழும் வேண்டா ஒலிகள்

இசைக் கருவியின் மெல்லிய நாதத்தைப் பெரிதாக்கித் தருவதே அம்பிளிபயர் என வழங்கும் பெருக்கியின் தொழில். ஆயின், அஃது இசையை மாத்திரம் பெருக்குவதில்லை. தன்னுள்ளே நுழைந்த குற்றங்களையும் உடன் பெருக்கிவிடும். நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை முதலாய தீவகத்து ஊர்களிலே, திருவிழா இரவுகளில் இன்னிசைக் குழுவினர் மேடையேறுங்கால், பாட்டுக்கு முன்னரே ஓர் உறுமல் எழுந்து சபையோரை வருத்துவதுண்டு. அதன் காரணத்தை முறையாக நாடுவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1904 ஆம் ஆண்டில் பிளெமிங் என்னும் ஆங்கில அறிஞர் இரு மின்வாய்களையுடைய வால்வை அமைத்தார். 1906 இல் அமெரிக்கரான டி பொரஸ்ற் அதனுள் மூன்றாவதொரு மின்வாயைச் சேர்த்தார். பெருக்கும் வால்வு அதிலிருந்தே வளர்ந்தது. 1947 இல் திரான்சிஸ்ரர் தோன்றியபின், காலப்போக்கில் வானொலிப் பெட்டியை விட்டு வால்வு நீங்கிற்று. எனினும், எல்லை மீறி முடுக்கப்படும்போது சிறிது சிறிதாகத் திரியும் அதன் இனிய தொனியை நாடும் கிற்றார்க் கலைஞர் பலர் அதனை இன்றும் கைவிட்டாரல்லர்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இப்பெருக்கிகளுள் 300 முதல் 500 உவோற்று வரையான மின்னழுத்தம் இருத்தல் இயல்பு. கண்டென்சர் எனத் தொழிலாளர் கூறும் கொள்ளளவிகள், மின்செருகியைக் கழற்றிய பின்னரும் அவ்வழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அஃது உயிரைப் போக்கவும் வல்லது. ஆதலின், கொள்ளளவிகளைத் தக்கதொரு தடையின் வழியே வெறுமையாக்கி, மீற்றராற் சோதித்த பின்னரன்றி உள்ளே கை வைத்தல் கூடாது. இப்பயிற்சி இல்லாதார் பெட்டியைத் திறவாது, அறிந்தாரிடம் ஒப்படைத்தல் நன்று. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வால்வுப் பெருக்கியை இயக்குதலும் ஆகாது. வெளியீட்டு மாற்றி பழுதுபடும்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து செய்க என வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி இதற்கும் பொருந்தும். பெட்டியைத் திறவாமலே செய்யத்தக்க சோதனைகள் மூன்றுள. முதலாவது, கிற்றாரின் வடத்தைக் கழற்றுக. ஓசை நின்றால் குற்றம் கிற்றாரில் அல்லது வடத்தில் உளது. இரண்டாவது, ஒலியளவுத் திருகியைக் குறைக்க. ஓசையும் குறைந்தால் அது திருகிக்கு முன்னுள்ள பகுதியிற் பிறக்கின்றது. குறையாவிடின் பின்னுள்ள பகுதியிற் பிறக்கின்றது. மூன்றாவது, கிற்றாரை ஏந்தியவாறே திசை திரும்புக. திசைக்கேற்ப உறுமல் ஏறி இறங்கினால், அருகிலுள்ள மாற்றியோ குழல்விளக்கோ பரப்பும் காந்தப் புலத்தைக் கிற்றாரின் கம்பிச் சுருள் பற்றுகின்றது என்க. இக்குறையை நீக்கவே 1955 இல் கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர் இரட்டைச் சுருள் முறையை வகுத்தார். ஒரு சுருள் பற்றும் உறுமலை மற்றது எதிர்த்து அழித்துவிடும்.

அடுத்து, உறுமலின் சுருதியைச் செவியால் அறிதல் வேண்டும். நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அதிர்வது. 50 அதிர்வுடைய உறுமலாயின், வால்வின் இழையைச் சூடாக்கும் கம்பிகளிலிருந்தோ, புவித்தொடுப்புக் குற்றத்திலிருந்தோ, வெளிப் புலத்திலிருந்தோ வந்ததாகலாம். 100 அதிர்வுடையதாயின், முழு அலைச் சீராக்கியின் பின் மின்னோட்டத்தைச் சமன்செய்யும் கொள்ளளவிகள் உலர்ந்து வலியிழந்தன என்றோ, வெளியீட்டு வால்வுச் சோடி ஒன்றுக்கொன்று இசையவில்லை என்றோ ஐயுறலாம். இரண்டையும் பிரித்தறிதல் எளிது. கிற்றாரின் தடித்த ஆறாந் தந்தியை மூன்றாம் மெட்டில் மீட்டினால் எழுவது ஏறக்குறைய 98 அதிர்வு. உறுமல் அதனோடு ஒத்தால் 100. அதற்கு ஒரு தாயி கீழிருந்தால் 50. சிறு பிறப்பாக்கியிலிருந்து மின் பெறுமிடத்து அதன் வேகம் தளம்ப, உறுமலின் சுருதியும் தளம்பும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உறுமலின் வேறானது 'உஸ்' என்னும் இரைச்சல். ஒவ்வொரு தடையிலும் வெப்பத்தால் இலத்திரன்கள் அலைவதனால் ஓர் இரைச்சல் பிறக்கும். இதனை ஜோன்சன், நைக்குவிஸ்ற் என்போர் 1928 இல் விளக்கினர். ஆதலின் அதனை முற்றாக ஒழித்தல் இயலாது. வழக்கத்தின் மிக்கதாயின், முதல் வால்வை மாற்றிப் பார்த்தலே தக்கது. வால்வை மெல்லத் தட்டும்போது மணிபோல் ஒலித்தால், அதனுள் உறுப்புகள் தளர்ந்தன எனத் துணியலாம்.

மூன்றாவது, பொரிவது போன்ற சடசடப்பு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் வால்வுத் தாங்கி, செருகி, திருகி ஆகியவற்றின் உலோகத்தை அரித்து இணைப்பைக் கெடுப்பதால் தீவகத்தில் இதற்கு இடம் அதிகம். தக்க திரவங் கொண்டு இணைப்புகளைத் துடைத்தல் முதற் பரிகாரம். துடைத்தும் திருகி கரகரத்தால், கொள்ளளவி ஒன்று நேரோட்டத்தைக் கசியவிடுகின்றது எனலாம். பல்லாண்டு பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து எடுத்த பெருக்கியை ஒருமிக்க மின்னில் இணைத்தலும் தவறு. கொள்ளளவிகளைச் சோதித்த பின்னர், மின்விளக்கொன்றைத் தொடராக இணைத்து இயக்குதல் வேண்டும்.

ஈற்றில், உயிரோடு தொடர்புடைய ஒன்று. பெருக்கியும் ஒலிவாங்கிப் பொறியும் வெவ்வேறு இடங்களில் மின் பெறும்போது, இரு புவித்தொடுப்புகளிடையே வளையம் ஏற்பட்டு உறுமல் எழும். எர்த் கம்பியை வெட்டிவிட்டால் அவ்வுறுமல் நின்றுவிடும். இதனைக் கண்டு சிலர் அதனைப் பரிகாரமெனக் கொள்வர். பின்னொரு நாள் பெருக்கியின் உள்ளே காவல் பழுதுபடின், 230 உவோற்று தந்திகளில் ஏறி நிற்கும். கையில் தந்தியும் உதட்டில் ஒலிவாங்கியுமாக நிற்பவனுடைய மார்பின் ஊடாக மின் பாயும். 1972 மே மாதத்தில், வேல்சின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர் புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். வெறுங்காலுடன் ஈர மணலில் நிற்போருக்கு இவ்வாபத்து இன்னும் பெரிது.

செய்யத்தக்க பரிகாரம் வேறு. இரு பொறிகளுக்கும் ஒரே மின்வாயிலிலிருந்து மின் கொடுத்தல் வேண்டும். அதனாலும் தீராவிடின், ஒலியைக் கொண்டுசெல்லும் வடத்தில் பிரிப்பு மாற்றி ஒன்றை இடையிடல் வேண்டும். மின்வடத்தின் எர்த் கம்பியை எக்காலத்தும் தொடலாகாது. சிறிது உறுமலுடன் பாடி முடித்தவன் மறுநாளும் பாடுவான் என்பதை நம் இளைஞர் மறவாதிருப்பாராக.